முப்பத்தேழு இசக்கிக்கு ஒரு வரி

தள்ளி உட்கார்ந்தால் பாதி கதை காற்றோடு போய்விடும், கிட்டே வாருங்கள், இன்னும் கொஞ்சம், முழங்கால் முட்டினாலும் பரவாயில்லை. இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

தேரி மணல் சிவக்கத் தொடங்குகிற இடத்தில் கள்ளிவிளை என்று ஒரு ஊர். அந்த ஊரில் பொம்பளைப் பிள்ளை பிறந்தால் இசக்கி, வேறு பேரே கிடையாது. எந்தக் காலத்திலோ அம்மை வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனபோது, மிச்சம் இருக்கிறதையாவது விட்டுக்கொடு தாயே, இனிப் பிறக்கிற பெண்ணுக்கெல்லாம் உன் பேர்தான் என்று யாரோ ஒருத்தி இசக்கியம்மன் முன்னால் ஈரச்சேலையோடு நின்று சொல்லிவிட்டாள். சொன்னவள் போய்ச் சேர்ந்தாள், சொல் நின்றுவிட்டது. அதனால் ஊருக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை. கொண்டை ஒரு பக்கமாகவே சரிந்திருப்பவள் கோணக்கொண்டை இசக்கி, கன்னத்தில் எந்நேரமும் பாக்கை ஒதுக்கி வைத்திருப்பவள் பாக்கு இசக்கி, பேசினால் அடுத்த விளையில் ஆடு மிரளுகிற அளவுக்குக் குரல் உள்ளவள் வெங்கலத்தொண்டை இசக்கி. இப்படி ஓட்டுப் போடுகிற வயசில் முப்பத்தேழு இசக்கிகள் இருந்தார்கள், கூப்பிட்டால் கூப்பிட்டவள் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சர்க்கார் காகிதத்தில்தான் பட்டப்பேர் எழுதக் கட்டம் கிடையாது.

ஓட்டர் லிஸ்டைப் புதுசாக எழுத டவுனிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளைதான், வெயிலில் முகம் கறுத்துப்போய், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு எழுதியது. "பேரு?" இசக்கி. "வயசு?" யாருக்குத் தெரியும், ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு போடு தாயி. "வீட்டுக்காரர் பேரு?" அங்கேதான் இடறியது. கள்ளிவிளைப் பொம்பளைகள் புருசன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசில் ஒரு பிடி குறையும் என்று நினைப்பு. அதனால் முதல் வீட்டு இசக்கி தலையைக் குனிந்துகொண்டு, "அது சாமி பேரு தாயி" என்றாள். அவள் புருசன் சுடலைமாடன். பிள்ளை 'சாமி' என்று எழுதிக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரன் அய்யனார், அதுவும் சாமி பேர்தான். அதற்கடுத்தவன் முண்டசாமி. கோணக்கொண்டையின் புருசன் செத்துப் பதினோரு வருசம் ஆகியிருந்தது, ஆனாலும் கருக்குவேல் என்பதும் சாமி பேர்தானே, செத்தவருக்கும் மரியாதை உண்டுதானே. முப்பத்தேழு வீட்டிலும் வயசு நாப்பத்தஞ்சு, புருசன் சாமி என்றே எழுதி முடித்து, கடைசி வீட்டில் ஒரு முருங்கைக்காய்க் கட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளை பஸ் ஏறியது.

தாலுகா ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, ஒரே ஆளை ரெண்டு தடவை எழுதியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழி என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இசக்கியம்மாள், கணவர் பெயர் சாமி, வயது நாற்பத்தைந்து, கள்ளிவிளை. போட்டோவைப் பார்க்கலாமே என்றால், அடையாள அட்டையில் எல்லாருடைய முகமும் ஒரே கறுப்பாக, பிடித்துவைத்த சாணி மாதிரி விழுந்திருந்தது. அது முப்பத்தாறை அழித்தது. பஞ்சாயத்து எலெக்சனுக்கு ஒன்றரை மாசம் இருக்கையில் பள்ளிக்கூடச் சுவரில் லிஸ்டை ஒட்டினார்கள். வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, இசக்கியம்மாள். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் வெங்கலத்தொண்டை இசக்கி முருங்கைத் தோட்டத்துக்குக் குறுக்கே நடந்து போனவள் உடைமுள்ளை மிதித்தாள். அதே நேரத்தில் குழாயடியில் நின்ற இசக்கி, அடுப்படியில் குனிந்திருந்த இசக்கி, ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த இசக்கி என்று எல்லாரும் வலது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினார்கள். முப்பத்தேழு குதிகாலிலும் பொட்டு வைத்த மாதிரி ரத்தம்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "லிஸ்ட்ல ஒண்ணாக்கிட்டாம்லா, அதான்" என்றார் டீக்கடைக்காரர், ஆற்றுவதை நிறுத்தாமலேயே. கரண்டு போனால் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுகிற மாதிரி, ஊர் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளத் தொடங்கியது. ஒருத்தி சாப்பிட்டால் எல்லாருக்கும் வயிறு நிறைந்தது, அதனால் பல் நன்றாக இருக்கிறவள் தின்னட்டும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும் என்று முறை வைத்தார்கள். கல்யாண வீட்டுக்கு ஒருத்தி போனால் முப்பத்தாறு பேர் வீட்டில் இருந்தபடியே ஏப்பம் விட்டார்கள். ஒருத்தி பாகற்காய் தின்றால் பிடிக்காதவள் தெருவில் நின்று வைதாள். சின்ன இசக்கியின் புருசன் முண்டசாமி ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் அரவம் கேட்டு எட்டிப் பார்த்தால், இடது கன்னம் வீங்கின முப்பத்தாறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நின்றார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் கை ஈ ஓட்டக்கூட யோசித்துத்தான் எழும்பியது. பிறகு ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தபோது முப்பத்தேழு பேரும் சேர்ந்து முக்கினார்கள், பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, பெண் பிள்ளை. பேர் வைக்கிற நாளில் எல்லாரும் கோயிலில் போய் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, டவுன் ஜவுளிக்கடைப் பையில் இருந்த பேரைப் பார்த்து நிவேதா என்று வைத்தார்கள். அம்மன் கோபித்த மாதிரி தெரியவில்லை.

இப்படியே போயிருந்தால் இதைக் கதை என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு ஊர் வழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு நாள் முப்பத்தேழு பேரும் சந்தைக்குப் போக பஸ் ஏறினார்கள். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்து, பொம்பளைகளுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டில் ஒன்றே ஒன்றைக் கிழித்து நீட்டிவிட்டு, "உள்ள போம்மா, வண்டி காலியாத்தானே இருக்கு" என்றார். நிற்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்ற கோணக்கொண்டை அந்த ஒற்றைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூறு நாள் வேலையில் முப்பத்தேழு பேரும் வரப்பு வெட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த மேஸ்திரி ஒரு பேருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, "ஒத்தப் பொம்பள எம்புட்டு மண்ணு வெட்டியிருக்கா பாருங்க" என்று தன் சிநேகிதரிடம் பெருமையாகச் சொன்னார். கள்ளிவிளைக்காரர்கள் கண்ணுக்கு அவர்கள் முப்பத்தேழு பேர், வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு ஒருத்தி.

இதில் லாபம் பார்த்தவனும் உண்டு. பஞ்சாயத்து பிரசிடெண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணியை லாரிக்கு விட்டுக்கொண்டிருந்தான், போன தடவையே அவனைத் தோற்கடிக்க இந்த இசக்கிகளின் ஓட்டு கொஞ்சம்தான் குறைந்தது, இந்தத் தடவை அது நடந்துவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட் வந்த பிறகு அவன் ஆள், வெள்ளைச்சட்டை போட்ட ஒருத்தன், கள்ளிவிளைப் பக்கம் ஓட்டுக் கேட்கவே வரவில்லை. ஒரு ஓட்டுக்காக யார் அந்த மணலில் கால் புதைய நடப்பார்கள்.

ஆனால் கோணக்கொண்டையை அரித்தது கிணறு இல்லை. பாக்கு இசக்கிக்கு நெஞ்சில் சளி இறுகிவிட்டது. அவள் கோணக்கொண்டைக்கு மைனி, அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போன பிறகு இந்த ரெண்டு பேரும்தான் ஒரே உலையில் அரிசி போட்டுக்கொண்டு இருந்தார்கள். மைனி கட்டிலில் இருமினால் முப்பத்தேழு நெஞ்சு இருமியது, முருங்கை பறிக்கிறவள் கொக்கியை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தாள், இட்லிக்கு மாவு ஊற்றுகிறவள் கரண்டியோடு சுவரில் சாய்ந்தாள். ஊருக்குள்ளேயே குடியிருக்கிற ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள மழை பெய்யிற மாதிரில்லா கேக்குது" என்றார். அப்புறம் கோணக்கொண்டையைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தாங்கினாலே அதிகம், இவ ஒரு மாசமா எப்படி இருக்கான்னு எனக்குப் புரியலை என்றார். கோணக்கொண்டைக்குப் புரிந்தது. முப்பத்தாறு நல்ல நெஞ்சு அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு நெஞ்சு அந்த முப்பத்தாறையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுவை எந்தப் பக்கம் முடியும் என்பதுதான் தெரியாது.

எல்லாரும் சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். ஜன்னலில் இருந்த கிளார்க்குக்குக் குணசிங் என்று பேர்.

"என்னம்மா?" என்றார்.

முப்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கோணக்கொண்டை பின்னால் திரும்பி, "ஒவ்வொருத்தியா பேசுங்கட்டி" என்று அதட்டினாள்.

"யாரைம்மா அதட்டுத?"

"சார், நாங்க முப்பத்தேழு பேரு. லிஸ்ட்ல ஒரு வரிதான் இருக்கு."

"நீ ஒரு ஆளு, ஒனக்கு ஒரு வரி இருக்கு. பின்ன என்ன கொறச்சல்?"

"புருசன் பேரைத் தப்பா எழுதிட்டாக சார். அதுலதான் எல்லாரும் ஒண்ணாயிட்டோம்."

"சரியான பேரைச் சொல்லு, திருத்தித் தாரேன்."

கோணக்கொண்டை கண்ணை மூடிக்கொண்டு "கருக்குவேல்" என்றாள். ரெண்டு பிள்ளை பெற்று, பெற்றதைக் கட்டிக்கொடுத்து, அவரையும் மண்ணில் வைத்த பிறகு, அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியது அன்றைக்குத்தான். அடுத்தவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "சுடலைமாடன்" என்றாள். "அய்யனார்" என்றாள் ஒருத்தி, வெட்கத்தில் சிரித்துவிட்டு. சின்ன இசக்கி மட்டும் "முண்டசாமி, ஆயுசு கொறஞ்சா கொறையட்டும்" என்றாள். குணசிங் எழுதினார், அடித்தார், எழுதினார், அடித்தார். ஒன்பதாவது பேரில் பேனாவை மூடினார்.

"ஏம்மா, ஒனக்கு எத்தன புருசன்?"

"எனக்கு ஒண்ணுதான் சார். அவளுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு."

"எவளுக்கு?"

"கண்ணு ரெண்டும் எங்க மேயப் போயிருக்கு" என்றாள் வெங்கலத்தொண்டை.

"இப்பத்தானே மரியாதையா பேசிட்டிருந்த" என்று குணசிங் வருத்தப்பட்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை, அதுதான் கஷ்டம். ஒரு யோசனையும் சொன்னார். எது நிஜமான இசக்கியம்மாளோ அவள் ஒரு காகிதத்தில், மற்றதெல்லாம் ரெட்டைப் பதிவு, அப்படி ஆளே இல்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுக்கட்டும், அந்த ஒருத்திக்கு ஓட்டு, ரேஷன், பென்சன் எல்லாவற்றையும் சரி பண்ணித் தருகிறேன் என்றார்.

"அப்ப மத்த முப்பத்தாறு பேரு?"

"அதான் இல்லல்லா."

கோணக்கொண்டை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சார், நாங்களா போயி எங்களை அழிச்சுக்கிடலை. அழிச்சது நீங்க. அழிக்கதுக்கு முந்தி ஒரு ஆளு எங்க ஊருக்கு வந்து, இருக்காளா இல்லையான்னு ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்லா. இப்ப இருக்கோம் இருக்கோம்னு நாங்க வந்து நிரூவிக்கணுமா?"

குணசிங் யோசித்துப் பார்த்தார். "நீ கேக்கது நியாயமான கேள்விதான்" என்றார். "அதுக்கு இந்த ஜன்னல் இல்ல."

அங்கே ஆறு ஜன்னல் இருந்தது, அஞ்சு சாத்தியிருந்தது.

திரும்பி வருகையில் பஸ்ஸிலேயே அது ஆரம்பித்தது. முள் குத்தியபோதும் அடி விழுந்தபோதும் ஒன்றாக இருந்தவர்கள், எது நிஜமான இசக்கி என்று ஒரு கேள்வி வந்ததும் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். மூத்தவள் நான்தானே என்று ஒருத்தி, முதல் வீடு என் வீடுதானே என்று ஒருத்தி, கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள் நான்தானே என்று ஒருத்தி. நாலாம் நாள் காலையில் எல்லாருடைய பெருவிரலும் நீலமாக இருந்தது. யாரோ மை தொட்டு வைத்துவிட்டாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லாரும் தங்கள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வெங்கலத்தொண்டை, தொண்டையே இல்லாதவள் மாதிரி, "எம்பிள்ளை படிப்புக்குச் சர்ட்டிபிகேட்டு கேக்கான்" என்றாள், முந்தானைக்குள் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள், கிழித்து ஓடையில் போட்டாள். முப்பத்தாறு பேர் கண்ணிலும் அவள் அழுகை வழிந்தது. அவளை வைவதற்கு யாருக்கும் தனியாக ஒரு வாய் இல்லை.

எலெக்சனுக்கு முந்தின நாள் மைனி கட்டிலில் ஒருச்சாய்ந்து படுத்துக்கொண்டு கோணக்கொண்டையைக் கூப்பிட்டாள். பாக்கு அப்போதும் கன்னத்தில் இருந்தது, மெல்ல முடியவில்லை, ருசிக்கு வைத்திருந்தாள்.

"ஏட்டி, சாவு தெனம் வாசல் வரைக்கும் வருது, ஒங்க கூட்டத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போவுது. எனக்கே அதைப் பாக்கப் பாவமா இருக்கு."

"வாயை மூடுங்க மைனி."

"நீ மூடுட்டி. நேத்து அந்தப் பச்சப்பிள்ளைக்காரி பால் குடுக்கும்போது இருமுதா, பிள்ளை பதறுது. நான் ஒருத்தி போறதுக்கு எத்தன பேரைக் கூட்டிட்டுப் போவேன். என்னைய அவுத்து விட்டுருங்க."

"எப்படி அவுக்க? எனக்குத் தெரிஞ்சா பண்ண மாட்டேனா?"

"தெரிஞ்சாலும் பண்ண மாட்ட" என்றாள் மைனி. "ஒன்னைய எனக்குத் தெரியும்."

கோணக்கொண்டை எழுந்து போய் வேப்பமரத்துக்கு அடியில் வெகுநேரம் நின்றாள். மைனி சொன்னது சரிதான். ஒரு வழி அவளுக்குத் தோன்றி மூன்று நாள் ஆகியிருந்தது. போன எலெக்சனில் முருங்கை லோடு ஏற்றிவிட்டு ஓட்டுப் போட அவள் ஓடி வந்தபோது ஓட்டு முடிகிற அஞ்சு மணி ஆகிவிட்டது. வாத்தியார் ஒருத்தர் வெளியே வந்து, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் வாலிலிருந்து தலை வரைக்கும் நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்ட டோக்கன் கொடுத்தார். டோக்கன் வாங்கினவர்களில் கடைசி ஆள் வரைக்கும் கூப்பிட்டு முடிக்காமல் பூத்தை மூடக் கூடாது, அது சட்டம் என்றும் சொன்னார். காகிதத்தில் ஒன்றானவர்களை ஆளுக்கொரு நம்பர் போட்ட அந்தக் காகிதமே பிரித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிரித்தால் யார் போவாள் என்றும் தெரியும்.

மறுநாள் அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போது முப்பத்தேழு பேரும் பள்ளிக்கூட வாசலில் வந்து வரிசை கட்டினார்கள். மைனியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வாலில் வைத்தார்கள், கோணக்கொண்டை தலையில் நின்றாள்.

பூத்து அதிகாரி அருமைநாயகம் வெளியூர் வாத்தியார், விடிவதற்கு முன்னாலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தார். வெளியே வந்து பார்த்தார். ஒரு பொம்பளை, கட்டிலில். குனிந்து ஒன்றாம் நம்பர் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். எதிரே வெறுங்கையோடு ஒரு பொம்பளை.

"இப்பத்தானேம்மா குடுத்தேன்?"

"எங்க சார் குடுத்தீங்க, கையைப் பாருங்க."

கை காலியாகத்தான் இருந்தது. வரிசையில் நிற்கிற கைக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ரெண்டு என்று எழுதிக் கொடுத்தார். நிமிர்ந்தால் மறுபடி ஒரு வெறுங்கை. மூன்று. நாலு. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே வந்தவர், ஏழாவது கையில் பேனாவை நிறுத்தினார். இந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது, முந்தின கைக்கு முழுசாக இருந்ததே. எட்டாவது கையில் பச்சை வளையல். ஒன்பதாவது கையில் மஞ்சள் காயவில்லை. அதற்குப் பிறகு அவர் கைகளைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார், கைக்கு மேலே முழங்கை தெரிந்தது, தோள் தெரிந்தது, பத்தொன்பதாவதில் ஒரு முகம் தெரிந்து, அது அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

தலையில் நின்ற கோணக்கொண்டை திரும்பிப் பார்க்கவில்லை, காதால் எண்ணிக்கொண்டு நின்றாள். முப்பத்தேழு நெஞ்சில் இருந்த இருமல் முப்பத்தாறானது, முப்பதானது, டோக்கன் விழ விழ ஒவ்வொரு நெஞ்சாக அடங்கிக்கொண்டே வந்தது, கொட்டுகிற மழை ஒவ்வொரு கூரையிலிருந்தும் விலகிப் போகிற மாதிரி. கடைசியில் அவள் கையில் முப்பத்தேழு என்று எழுதின காகிதம் விழுந்தது. அவள் நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு மாசத்துக்குப் பிறகு முழு மூச்சு உள்ளே போனது, அந்த மூச்சை இழுக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வரிசையின் வாலில், கட்டிலில், ஒரே ஒரு இருமல் தனியாகக் கேட்டது.

அருமைநாயகம் சார் வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தார். உள்ளே போய் போன் போட்டார். மேலே இருந்து வந்த பதில் வாசல் வரைக்கும் கேட்டது: லிஸ்டில் ஒரு வரி, ஒரு ஓட்டு, மற்றவர்களை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.

அப்போது வெள்ளைச்சட்டைக்காரன் கோணக்கொண்டையின் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "ஒங்க மைனி கெடக்காவ, பாவம், அவுகளா எந்திரிச்சு வரப் போறாவ. நீயும் இசக்கிதானே, ஒனக்கும் அதே வயசுதானே, போயி அந்த ஒரு ஓட்டைப் போட்டுட்டுப் போ. யாருக்கு வேணும்னாலும் போடு, நான் ஒண்ணும் சொல்லலை."

"நான் போட்டா நான்தான் இருநூத்திப் பன்னெண்டு" என்றாள் அவள். "இவளுவ எல்லாம் நெழலுன்னு நானே குத்துன மாதிரி. அந்தப் பக்கம் தள்ளி நில்லு, வெயில மறைக்க."

அவள் உள்ளே போனாள். ஓட்டு வேண்டாம், திருப்பி அனுப்புகிறீர்கள் என்று எழுதுங்கள் என்றாள். அவர் எழுதினார். இசக்கியம்மாள் என்று மட்டும் எழுதியதைப் பார்த்து, கோணக்கொண்டை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். "அதெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார். "பின்ன எந்த இசக்கியைத் திருப்பி அனுப்புனீங்கன்னு நாளைக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். அவர் எழுதினார்: கோணக்கொண்டை இசக்கியம்மாள், கணவர் கருக்குவேல், வாக்களிக்க வந்தார், அனுமதிக்கப்படவில்லை, பட்டியலில் இல்லை. அதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பெருவிரலை வைத்தாள். அவள் விரல் மட்டும்தான் நீலமானது. பிறகு வெங்கலத்தொண்டை வந்தாள், சின்ன இசக்கி வந்தாள், அரைவிரல் இசக்கி, பச்சைவளையல் இசக்கி என்று ஒவ்வொருத்தியாக வந்து, புருசன் பேரைச் சத்தமாகச் சொல்லி, தனக்கு ஓட்டு இல்லை என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பத்தாறு வரி. சர்க்கார் நோட்டில், சர்க்கார் கையெழுத்தில்.

இருட்டத் தொடங்கியபோது, "ஒண்ணாம் நம்பர்" என்று அருமைநாயகம் சார் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். வெளியே வந்தார்.

எழுத எழுத, யாருக்கும் தெரியாமல் மைனி போய்விட்டிருந்தாள். யாருடைய நெஞ்சிலும் ஒரு சின்ன வலிகூட வரவில்லை, அதனால்தான் தெரியவில்லை. கோணக்கொண்டை கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அழுதார்கள், முப்பத்தைந்து பேரும் முப்பத்தைந்து விதமாக, ஒருத்தி அழுகை ஒருத்திக்கு ஒட்டாமல்.

"அம்மா" என்றார் அவர் மெதுவாக. "எனக்கு மனசு கேக்கலதான். ஆனா இருநூத்திப் பன்னெண்டு இறந்துட்டாங்கன்னு எழுதிட்டு நான் பெட்டியை மூடணும்."

"அந்த வரி மைனிக்கு மட்டும் எழுதுனதில்ல சார். எல்லாருக்கும் சேத்து எழுதுனது. அதுல செத்துட்டான்னு நீங்க எழுதினா, இந்தா ஒங்க கையால இப்ப எழுதினீங்களே முப்பத்தாறு பேரு, அவளுவளும் செத்தவளுவ. எழுதுவீங்களா?"

அவர் பேனாவைப் பைக்குள் வைத்தார். "சரி, எழுதல. டோக்கனையாவது குடுங்க. அது வராம நான் பூத்தை மூட முடியாது."

"அவ கையில இருக்கு. வாங்கிக்கோங்க."

அவர் குனிந்து பார்த்தார். மைனியின் விரல்கள் காகிதத்தின் மேல் மூடியிருந்தன. ஒரு விரலைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார். வெள்ளைச்சட்டைக்காரன் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே பெட்டி சீல் வைக்காமல் இருந்தது, அரக்கை உருக்கக் கொண்டு வந்த மெழுகுவத்தி எரிந்துகொண்டே இருந்தது.

"நான் எத்தன நேரம் இப்படியே நிக்கிறது?" என்றார் அவர்.

கோணக்கொண்டை எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த சிவப்பு மணலைத் தட்டிவிட்டாள், சரிந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். எங்க ஊரில் துக்கத்துக்கு வந்தவர்களை நிற்க விடுவதில்லை சார், உட்கார வைத்தால் எடுக்கிற வரைக்கும் அவர்கள் எழுந்திருப்பதும் இல்லை என்றாள். அழிச்ச வரி திரும்ப வராமல் நாங்களும் மைனியை எடுக்கப் போவதில்லை, டோக்கன் வராமல் ஒங்க பூத்தும் மூடாது, அந்த வரியை எழுதித் தருகிற ஆள் யாரோ அவருக்குப் போனைப் போடுங்க, வருகிற வரைக்கும் இருப்போம் என்றாள். சொல்லிவிட்டுப் பூத்துக்குள் போய், நோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிடந்த அவருடைய நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில் போட்டு, முந்தானையால் அதைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றாள்.